கொடுக்கவும் கற்க வேண்டும்

(பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்)

ஞாயிறு திருப்பலிக்குச் செல்லும்போது, கோயில் வாசலருகே ஒரு பெரிய பாத்திரம் வைக்கப்பட்டிருப்பதை நம்மில் பலரும் கண்டிருப்போம். தாய்மார்கள் சிறு பையில் கொண்டுவந்த அரிசியை அதில் கொட்டிவிட்டு உள்ளே செல்வார்கள். ஒருவர் கொட்டியது எவ்வளவு என்று அடுத்தவர் பார்ப்பதில்லை. இதுவே பிடியரிசி. உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையில் இட்டு வைப்பது நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம். ஒரு பிடி குறைவதனால் நம் வீட்டில் எவரும் பசியோடு எழுவதில்லை. ஆனால் இருபது வீட்டுப் பிடிகள் ஒன்று சேர்ந்தால், வேலையற்ற ஒரு வீட்டில் வாரம் முழுவதும் அடுப்பு எரியும். சிறு துளி பெரு வெள்ளம் அன்றோ!

பிறருக்கு உதவ நல்ல மனம் இருந்தால் போதும், மற்றவை தாமாகவே நடக்கும் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். கொடுப்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு, அதையும் கற்க வேண்டும் என்பதைச் சென்ற தவக்காலத்தில்தான் அறிந்தோம். நாங்கள் கற்றதை எல்லாருடனும் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறோம்.

எங்கள் பிழை

எங்கள் ஊரில் ஒரு தெருவில் ஒரு கொத்தனார் சாரத்திலிருந்து தவறி விழுந்து கால் முறிந்து படுத்திருந்தார். மூன்று சிறு பிள்ளைகள். தெருவின் பெயரையும் அவர்கள் பெயரையும் இங்கே எழுதவில்லை. அதன் காரணம் இக்கட்டுரையைப் படித்து முடிக்கையில் விளங்கும்.

செய்தி கேட்டதும் எங்கள் வகுப்பில் அனைவருக்கும் மனம் இளகியது. தவக்கால ஒறுத்தலாக மிட்டாயும் ஐஸும் வாங்காமல் சேர்த்த காசு இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாங்கள் 43 பேரும் சீருடையுடன் வரிசையாக அந்தத் தெருவுக்குச் சென்றோம். ஒவ்வொருவர் கையிலும் ஏதோ ஒன்று இருந்தது. அரிசி, தக்காளி, கத்தரிக்காய், ரொட்டி, வாழைப்பழம் என்று அந்தச் சிறிய வீட்டின் திண்ணை நிறைந்துவிட்டது. தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. அந்த அம்மா இரு கரம் கூப்பி நின்றார். எங்களுக்கோ பெருமை தாங்கவில்லை.

மறு வாரம் எங்களில் இருவர் அந்த வழியே சென்றபோது, வாசலோரத்தில் அழுகிய தக்காளியும் பூசணம் பிடித்த ரொட்டியும் கிடந்தன. அந்த அம்மா அவர்களை உள்ளே அழைத்து உட்கார வைத்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளைகளா, நீங்க நல்லா இருக்கணும். ஆனா இத்தனை பேரா ஏன் வந்தீங்க? அன்னையிலேருந்து என் மூத்தவன் தெருவில விளையாடப் போகமாட்டேங்கிறான்."

அந்த வீட்டுக்கு அப்போது முக்கியமாகத் தேவைப்பட்டது காய்கறி அன்று. மருத்துவமனைக்குப் போய்வரப் பேருந்துக் கட்டணமும், தாய் வேலைக்குச் செல்லும் நேரத்தில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளுமே தேவை. அதை நாங்கள் கேட்கவே இல்லை. மேலும், ஒரே நாளில் அவ்வளவும் கொண்டு சென்ற நாங்கள், அடுத்த வாரத்திற்கென எதுவும் ஏற்பாடு செய்யவில்லை.

1617-இல் நடந்தது

தலைகுனிந்து நின்ற எங்களிடம், மறைக்கல்வி வகுப்பில் எங்கள் சிஸ்டர் ஒரு வரலாற்றைக் கூறினார். அது எங்களுக்காகவே நடந்தது போலிருந்தது.

பிரான்சு நாட்டில் ஷாத்தியோன் என்னும் சிற்றூரில் 1617-ஆம் ஆண்டு புனித வின்சென்ட் தே பவுல் பங்குக் குருவாக இருந்தார். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிறன்று, அவர் பூசைக்கு ஆயத்தமாகும் வேளையில், ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் அனைவரும் நோயுற்று, பார்ப்பாரின்றிக் கிடப்பதாக ஒரு பெண்மணி வந்து கூறினார். வின்சென்ட் அதைத் தம் பிரசங்கத்தில் உருக்கமாக எடுத்துரைத்தார். அன்று பிற்பகல் அவரே அவ்வீட்டிற்குப் புறப்பட்டபோது, வழியெங்கும் ஊர்ப் பெண்கள் கூட்டமாகச் செல்வதையும் திரும்புவதையும் கண்டார். அந்த வீட்டில் அவர்களால் உண்டு தீர்க்க முடியாத அளவுக்கு உணவு குவிந்திருந்தது.

இன்று மிஞ்சிக் கெட்டுப்போகும். நாளை ஒன்றும் இராது. மக்களிடம் இரக்கம் நிறைய இருக்கிறது, ஒழுங்குதான் இல்லை என்பதை வின்சென்ட் உடனே உணர்ந்தார். அதே வாரத்தில் சில பெண்களை ஒன்று கூட்டி, ஒரு நாளைக்கு ஒருவராக முறை வைத்து நோயாளிகளைக் கவனிக்கும் சங்கத்தைத் தொடங்கினார். அதற்கு அவர் எழுதிய விதிமுறைகளில், நோயாளியின் முன் துணி விரித்து உணவை எப்படி வைக்க வேண்டும் என்பது வரை சொல்லப்பட்டிருக்கிறது. துணைக்கு ஆள் உள்ள நோயாளியிடம் முதலில் போக வேண்டும், யாருமற்றவரிடம் கடைசியில் போக வேண்டும் என்பதும் அதில் ஒன்று. அப்போதுதான் தனித்திருப்பவரிடம் அவசரமின்றி அதிக நேரம் இருக்க முடியுமாம்! இதைக் கேட்டபோது, அந்த வீட்டில் நாங்கள் ஐந்து நிமிடங்கூட உட்காராதது எங்கள் நினைவுக்கு வந்தது.

பின்னர் 1633-இல் புனித லூயிசா தே மரியாக்குடன் சேர்ந்து வின்சென்ட் பிறரன்புப் புதல்வியர் சபையை நிறுவினார். மடத்து மதிலுக்குள் இராமல், தெருத் தெருவாகச் சென்று ஏழைகளின் வீட்டிலேயே பணி செய்வதை அச்சகோதரிகள் தங்கள் வாழ்வாக ஏற்றனர்.

ஆதித் திருச்சபையிலும் இதே பாடம்

இது வின்சென்ட் காலத்தில் மட்டும் எழுந்த சிக்கலன்று. ஆதிக் கிறிஸ்தவர்கள் தங்கள் உடைமைகளைப் பொதுவாக வைத்து, அவரவர் தேவைக்கேற்பப் பகிர்ந்துகொண்டனர் என்று அப்போஸ்தலர் பணி நூலில் படிக்கிறோம். ஆயினும் அதே நூலின் 6-ஆம் அதிகாரத்தில், நாள்தோறும் நடந்த பந்தி விசாரிப்பில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுகிறது. அப்போஸ்தலர்கள் முறையிட்டவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அப்பணிக்கென்றே நற்பெயர் பெற்ற எழுவரைத் தெரிந்தெடுக்கச் செய்தார்கள். அவர்களுள் ஒருவரே முதல் வேதசாட்சியான புனித முடியப்பர். உணவு பரிமாறும் வேலைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டவர் வேதசாட்சி முடியையும் பெற்றார் என்பது சிந்திக்கத்தக்கது.

எருசலேமில் வறுமையுற்றிருந்த கிறிஸ்தவர்களுக்காகக் காணிக்கை சேர்க்கும்படி கொரிந்தியருக்கு எழுதிய புனித சின்னப்பரும், வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வருவாய்க்கேற்ப எடுத்து வைக்குமாறு கூறுகிறார். நம் பிடியரிசிப் பானையும் இதே வழியைச் சேர்ந்தது என்று நாங்கள் எண்ணுகிறோம். நம் வள்ளுவப் பெருந்தகையும் ஈகைக்கு முன்னதாக ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரம் வைத்தார். பிறர் தேவையை அறிந்து நடப்பது முதலில், கொடுப்பது அடுத்து என்று அந்த வரிசையை நாங்கள் பொருள் கொண்டோம்.

மாணவர் தொடங்கிய சபை

நம் பங்குகளில் பணிபுரியும் வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கியவர்கள் கல்லூரி மாணவர்கள் என்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது. 1833-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில், பிரெடெரிக் ஓசானாம் என்ற மாணவரும் அவர் நண்பர்களும் விவாதக் கூட்டங்களில் திருச்சபையின் பெருமைகளை எடுத்துப் பேசி வந்தனர். "பழங்கதை இருக்கட்டும், இப்போது ஏழைகளுக்கு நீங்கள் செய்வது என்ன?" என்ற பொருள்பட மாற்றுக் கருத்துடையோர் கேட்டனர். அதற்கு முந்தைய ஆண்டில்தான் காலரா நோய் அந்நகரில் ஆயிரக்கணக்கானோரைப் பலி கொண்டிருந்தது. அந்தக் கேள்வி ஓசானாமின் மனத்தைத் தைத்தது. வாயால் விடை சொல்லாமல் செயலால் சொல்ல எண்ணி, 1833 ஏப்ரல் 23-ஆம் நாள் நண்பர்கள் சிலருடன் சபையைத் தொடங்கினார். அன்று அவருக்கு 20 வயது நிறைந்தது.

அம்மாணவர்களுக்கும் ஏழைகளின் வீட்டுக்குள் எப்படிப் போவது என்று தெரியவில்லை! பிறரன்புப் புதல்வியர் சபையைச் சேர்ந்த சகோதரி ரோசலி என்பவரே, எந்த வீட்டிற்குப் போக வேண்டும், எப்படிப் பேச வேண்டும், எவ்வாறு காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குக் கற்பித்தார். ஓசானாம் பின்னர் பேராசிரியராகி, 1853-இல் தம் 40-ஆம் வயதில் இறந்தார். பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1997-இல் ஓசானாமையும் 2003-இல் சகோதரி ரோசலியையும் முத்திப்பேறு பெற்றவர்களாக உயர்த்தினார். அன்று ஒரு சிலரோடு தொடங்கிய சபை இன்று ஏறத்தாழ 150 நாடுகளில் பணிபுரிகிறது.

சபை நடக்கும் முறை

எங்கள் பங்கில் இச்சபையின் உறுப்பினராக உள்ள, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எங்களுக்குச் சபையின் வழக்கங்களை விளக்கினார். உறுப்பினர்கள் தவறாமல் கூடி முதலில் செபிக்கிறார்கள். பிறகு தாங்கள் கண்டு வந்த குடும்பங்களின் நிலையைச் சொல்கிறார்கள். ஏழைகளின் வீட்டிற்கு எப்போதும் இருவராகவே செல்கிறார்கள். கேட்டவற்றை வெளியே பேசுவதில்லை. கூட்டத்தின்போது ஒரு பை சுற்றி வருகிறது. ஒவ்வொருவரும் கையை மூடியபடி உள்ளே விட்டு எடுக்கிறார்கள். யார் எவ்வளவு போட்டார், யார் ஒன்றும் போடவில்லை என்பது எவருக்கும் தெரியாது. இதற்கு இரகசியக் காணிக்கை என்று பெயர். ஒன்றும் போட முடியாதவரும் தலைநிமிர்ந்து அமர்ந்திருக்க இது வழி செய்கிறது.

"கொடுக்கிறவர் கை தெரியாமல் இருந்தால், வாங்குகிறவர் முகமும் தெரியாமல் இருக்கும், அம்மா" என்றார் அந்த ஐயா.

அதன்பின் நாங்களும் அவ்வாறே செய்தோம். வகுப்பில் ஒரு துணிப்பை தைத்தோம். வெள்ளிதோறும் அது பெஞ்சு பெஞ்சாகச் சுற்றி வரும். சேர்ந்ததைச் சபையாரிடம் ஒப்படைத்தோம். பேருந்துக் கட்டணம் அதிலிருந்து போயிற்று. பெற்றோரின் அனுமதி பெற்று, சனிக்கிழமைகளில் இருவர் மட்டும் முறை வைத்து அந்த வீட்டிற்குச் சென்று குழந்தையைப் பார்த்துக்கொண்டோம். சீருடை அணியவில்லை. மூன்று மாதங்களில் அந்தத் தந்தை ஊன்றுகோலுடன் நடக்கத் தொடங்கினார். மூத்த பையனும் மீண்டும் தெருவில் பந்து விளையாடுகிறான்.

கடைசியாகக் கற்றது

ஒரு சனிக்கிழமை எங்களில் இருவர் விடைபெறும் வேளையில், அந்த அம்மா அடுப்படியிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டினார். அதில் இரண்டு பிடி அரிசி இருந்தது. "கோயில் பாத்திரத்தில போட்டுடுங்க" என்றார். எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உதவி பெறும் வீட்டிலிருந்து நாம் எப்படி வாங்குவது? வேண்டாம் என்று மறுக்க நினைத்தார்கள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டார்கள்.

அன்று மாலை அதை ஆசிரியர் ஐயாவிடம் கூறினோம். "நல்ல வேளை, மறுக்காமல் வாங்கினீர்கள். அவர்களும் கொடுக்க உரிமை உள்ளவர்கள்தாமே" என்றார். ஆலயத்தில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையை ஆண்டவர் இயேசு தடுக்கவில்லை என்பதும், அவளுடைய காணிக்கையே பெரிது என்று தம் சீடர்களுக்குக் காட்டினார் என்பதும் அப்போது எங்கள் நினைவுக்கு வந்தன.

மறுநாள் ஞாயிறு. அந்த இரண்டு பிடி அரிசியைக் கோயில் வாசலிலிருந்த பாத்திரத்தில் கொட்டினோம். மற்ற அரிசியோடு அது கலந்துவிட்டது. எது யாருடையது என்று இனி எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அன்புத் தோழியரே! நம் வீட்டுப் பானையிலும் நாள்தோறும் ஒரு பிடி விழட்டும். கொடுக்குமுன் அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்போம். கூட்டமாகப் போகாமல் இருவராகப் போவோம். ஒரு நாளோடு நின்றுவிடாமல் தொடர்ந்து போவோம். அவர்கள் தருவதையும் மகிழ்வோடு பெற்றுக்கொள்வோம். இவ்வாறு பிறரன்புப் பணியில் நாம் அனைவரும் வளர்வோமாக!