பன்னிரண்டு வயதுக் காப்பாளர்

புதுடெல்லி: பெற்றோர் இருவரும் எச்.ஐ.வி. பாதிப்பால் முடங்கிவிட்ட வீட்டில், தம்பியைப் பள்ளியில் சேர்க்கக் கையொப்பமிடுவது யார்?

அக்காவே இடலாம் என்கிறது, 2017-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம். குடும்பத்தைக் கவனித்துவரும் அவளுக்கு 12 வயது நிறைந்து, போதிய பக்குவமும் இருந்தால், 32-வது பிரிவின்படி அவளே காப்பாளர். பள்ளிச் சேர்க்கை, சிகிச்சை, வங்கிக் கணக்கு, சொத்து நிர்வாகம் ஆகியவற்றில் அவள் கையொப்பம் செல்லும். உறவினர் வீட்டைப் பறிக்க முனைந்தால் குழந்தைகள் நலக் குழுவிடம் முறையிடலாம். பத்திரங்களையும் அங்கே ஒப்படைத்துவைக்கலாம்.

விவாதத்தின்போது உறுப்பினர்கள் சாடிய 'இயன்றவரை' என்ற சொல், சிகிச்சைப் பிரிவில் அப்படியே நிற்கிறது. 32-வது பிரிவில் அத்தகைய தளர்வு இல்லை. ஆனால், சட்டம் 2018 செப்டம்பர் 10-ல் நடைமுறைக்கு வந்த பின்னரும், "பெரியவரை அழைத்து வா" என்று வங்கி அலுவலர் திருப்பியனுப்பினால், இப்படியொரு பிரிவு இருப்பதை அவருக்கு எடுத்துச்சொல்ல வேண்டியவளும் அந்தச் சிறுமியே.