பசும்பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளின் உணவு

பசும்பால் ஒவ்வாமை என்பது பாலிலுள்ள புரதங்களை உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு தீங்கானவை எனக் கொண்டு எதிர்ப்பதால் உண்டாகும் நிலை ஆகும். தோலில் தடிப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு, இளைப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். சிலருக்கு மூச்சுத்திணறலும் மயக்கமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். பாலை நிறுத்துவதோடு, அது தந்துவந்த சத்துகளை வேறு உணவுகளால் ஈடுசெய்வதும் இக்குழந்தைகளுக்கு இன்றியமையாதது.

உறுதி செய்தல்

பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை செரிக்காமல் வயிறு உப்புவது ஒவ்வாமை அன்று. அத்தகையோர் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். ஒவ்வாமை உள்ளவருக்கோ தயிர், மோர், பன்னீர் எதுவும் ஆகாது. நெய்யிலும் பால் புரதம் சிறிதளவு தங்கியிருக்கலாம். ஆகவே மருத்துவர் உறுதி செய்த பின்னரே பாலை விலக்க வேண்டும். வெறும் ஐயத்தால் பால், முட்டை, நிலக்கடலை என ஒவ்வொன்றாக நிறுத்தினால் குழந்தையின் வளர்ச்சி குன்றக்கூடும்.

மாற்று உணவுகள்

100 மில்லி பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உள்ளது. 100 கிராம் கேழ்வரகிலும் முருங்கைக்கீரையிலும் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. ஆயினும் அது முழுவதும் உடலில் சேர்வதில்லை. குழந்தையும் ஒரு வேளைக்குச் சிறிதளவு கீரையே உண்ணும். எனவே கேழ்வரகுக் கூழ், கீரைக் கூட்டு, முள்ளோடு உண்ணும் நெத்திலி எனப் பலவற்றையும் மாற்றி மாற்றித் தருவது நல்லது. புரதத்திற்குப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் உதவும்.

சைவக் குடும்பங்களில் பி12 உயிர்ச்சத்து பெரும்பாலும் பாலிலிருந்தே கிடைக்கிறது. பால் நின்றால் அதுவும் நின்றுவிடும் என்பதால், மருந்தாகத் தர வேண்டுமா என மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் மாற்று ஆகா. அவற்றின் புரதங்கள் பசும்பாலின் புரதங்களை ஒத்தவை. தேங்காய்ப்பாலில் புரதம் குறைவு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தொடர வேண்டும்; அது போதாதபோது மருத்துவர் பரிந்துரைக்கும் சிறப்புப் பால்மாவே ஏற்றது.

மறைந்திருக்கும் பால்

ரொட்டி, பிஸ்கட், சாக்லேட் ஆகியவற்றில் பால் கலந்திருப்பது வழக்கம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, பொட்டல உணவில் பால் சேர்ந்திருந்தால் உறையில் அதைக் குறிப்பிட வேண்டும். கேசீன், வே புரதம், பால் திடப்பொருள் என்ற சொற்களும் பாலையே குறிக்கும்.

விரும்பி உண்ணச் செய்தல்

ஒருமுறை அவதிப்பட்ட குழந்தை புதிய உணவைக் கண்டு அஞ்சுவது இயல்பு. வற்புறுத்தாமல், ஒரு நேரத்தில் ஒரு புதிய உணவை மட்டும் சிறிதளவு தந்து பழக்கலாம். தனித்தட்டில் தனிச்சமையல் என்றில்லாமல், வீட்டார் அனைவரும் பால் சேராத இட்லி, சாம்பார், பொரியலைச் சேர்ந்து உண்டால் குழந்தைக்கு ஏக்கம் இராது. பள்ளியில் பிறந்தநாள் இனிப்பு தரப்படும்போது “எனக்குப் பால் சேராது” என்று தயங்காமல் சொல்லக் கற்றுத்தர வேண்டும். அந்நேரத்தில் உண்ண எள்ளுருண்டையோ கடலைமிட்டாயோ வகுப்பாசிரியரிடம் கொடுத்துவைக்கலாம். அவை அக்குழந்தைக்கு ஒத்துக்கொள்பவையாக இருத்தல் வேண்டும். மூச்சுத்திணறல் கண்டால் மருத்துவர் தந்துள்ள அட்ரினலின் ஊசியைத் தொடையில் போட்டு, உடனே 108ஐ அழைக்க வேண்டும் என்பதை ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டும்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர இவ்வொவ்வாமை நீங்கிவிடுகிறது. நீங்கியதா என்பதை வீட்டில் பால் கொடுத்துப் பார்க்காமல், மருத்துவர் மேற்பார்வையிலேயே சோதிக்க வேண்டும். அதுவரை உயரமும் எடையும் வயதுக்கேற்ப கூடிவருகின்றனவா எனத் தவறாமல் அளந்து வருதல் அவசியம்.