ஆயுள் தண்டனைக்குப் பிறகு அறுபது நாள்

விருதுநகர் மாவட்டத்தின் தலைநகரம் விருதுநகரே என்றாலும் மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையத்தில் ஒரு கொலை நடந்தால், குற்றப்பத்திரிகை முதலில் குற்றவியல் நடுவர் முன்னால் போய், அங்கிருந்து விசாரணைக்கு இங்கேதான் வரும். கணவனைக் கொன்றதாக மனைவி மீதோ, மனைவியைக் கொன்றதாகக் கணவன் மீதோ வழக்கு என்றால், தீர்ப்பு நாளன்று வளாகத்து மரத்தடியில் இரண்டு கூட்டம் நிற்கும். இறந்தவரின் தாயும், சிறைக்குப் போகிறவரின் தாயும் அதுவரை சம்பந்திகள். பிள்ளைகளோ இரண்டு வீட்டுக்கும் பேரப்பிள்ளைகள்.

ஆயுள் தண்டனை என்று நீதிபதி சொன்னதும், "அவ்வளவுதான், எல்லாம் முடிஞ்சது" என்று ஒருவர் சொல்வார். "ஹைகோர்ட்ல எனக்கு ஆள் இருக்கு, பணத்தை மட்டும் ஏற்பாடு பண்ணுங்க" என்பார் இன்னொருவர். இரண்டையும் நம்ப வேண்டாம். முதல் பேச்சை நம்பியவர்கள் அப்பீலே போடாமல் விடுகிறார்கள். இரண்டாவது பேச்சை நம்பியவர்கள் வீட்டையும் நிலத்தையும் விற்கிறார்கள்.

அமர்வு நீதிமன்றத் தண்டனையை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல் போவது சலுகை அல்ல, சட்டம் கொடுத்த உரிமை. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 415-வது பிரிவு அதைச் சொல்கிறது. விருதுநகர் மாவட்டத்து அப்பீல் 2004 ஜூலையில் திறக்கப்பட்ட உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகும். ஆயுள் தண்டனை அப்பீலை அங்கே இரண்டு நீதிபதிகள் சேர்ந்து கேட்பார்கள். கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பைப் படித்துத் தலையாட்டுவதோடு அவர்கள் வேலை முடியாது. ஒவ்வொரு சாட்சியும் என்ன சொன்னார், குறுக்கு விசாரணையில் எங்கே தடுமாறினார், பிரேதப் பரிசோதனை அறிக்கை எதைக் காட்டுகிறது என்று முழுப் பதிவையும் மறுபடி எடைபோட வேண்டும். விடுதலை செய்யலாம், கொலைக் குற்றத்தைக் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகக் குறைக்கலாம், மறுவிசாரணைக்கும் அனுப்பலாம்.

அப்பீல் போட 60 நாள் அவகாசம். மரண தண்டனை என்றால் 30 நாள்தான். தீர்ப்பு நகல் வாங்க ஆகும் நாள்கள் கணக்கில் சேராது. நகலைக் காசில்லாமல், தாமதமில்லாமல் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கெடு தாண்டிவிட்டாலும் தகுந்த காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? சிறையில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் தர 1987-ம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வழி செய்கிறது. பெண்களுக்கும் அப்படியே. சிறைக் கண்காணிப்பாளரிடம் மனு கொடுத்தால் அங்கிருந்தே அப்பீல் போகும். வெளியில் இருப்பவர்கள் 15100 என்ற எண்ணை அழைக்கலாம். இல்லாவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்திலேயே உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேட்கலாம். மேலே அப்பீல் போக இலவசச் சட்ட உதவி உண்டு என்று தெரிவிக்கும் தாளை ஒவ்வொரு தண்டனைத் தீர்ப்பு நகலோடும் சேர்த்துக் கொடுக்க வழிசெய்வது பற்றி உயர் நீதிமன்றங்கள் யோசிக்க வேண்டும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேட்காமலே கிடைக்கும் என்று காத்திருக்காமல் நீங்களே கேளுங்கள்.

அப்பீல் மனுவோடு தண்டனையை நிறுத்திவைத்துப் பெயிலில் விடக் கேட்கும் மனுவும் போடலாம். ஆயுள் தண்டனையில் அது எளிதாகக் கிடைத்துவிடாது. வாங்கித் தருவதாக யாராவது உறுதி சொன்னால் அவரிடமிருந்து விலகுவது நல்லது.

கணவன்-மனைவி கொலை வழக்குகளின் கடினமான முடிச்சு வேறு இடத்தில் இருக்கிறது. தெருவில் நடந்த வெட்டுக்குச் சாட்சி கிடைக்கும். கதவு சாத்திய வீட்டுக்குள் இரவில் நடந்த சாவுக்கு யார் சாட்சி? ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய விஷயத்தை அவரே விளக்க வேண்டும் என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 106-வது பிரிவு சொன்னது. இன்று அது புதிய சாட்சியச் சட்டத்தில் 109. மகாராஷ்டிராவில் ஒரு மனைவி இறந்தபோது பாம்பு கடித்துவிட்டது என்றார்கள் கணவன் வீட்டார். பிரேதப் பரிசோதனையோ கழுத்து நெரிக்கப்பட்டிருப்பதைக் காட்டியது. வீட்டுக்குள் நடந்ததற்குப் பொய்யான விளக்கம் கொடுத்தால் அதுவே சந்தர்ப்ப சாட்சியச் சங்கிலியின் இன்னொரு கண்ணியாகும் என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. 2021-ல் பீகாரிலிருந்து ஒரு வழக்கு வந்தது. அங்கும் மனைவியின் சாவுக்குக் காரணம் கழுத்தில் விழுந்த அழுத்தம்தான். ஆனால் அந்த வீட்டில் கணவனைத் தவிர வேறு சிலரும் இருந்தார்கள். கணவன் மனைவிக்கு இடையே பகை இருந்ததாகச் சாட்சியமும் இல்லை. விளக்கம் சொல்லவில்லை என்பதை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது, அடிப்படை உண்மைகளை முதலில் அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும் என்று சொல்லி அந்தக் கணவனை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது.

ஆகவே குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பம் விசாரணைக் காலத்திலேயே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சாட்சிகள் முடிந்ததும் நீதிபதி குற்றவாளிக் கூண்டில் நிற்பவரிடம் நேரடியாகக் கேள்வி கேட்பார். வழக்கறிஞர்கள் இன்னும் "313 கேள்வி" என்றுதான் சொல்கிறார்கள், புதிய நடைமுறைச் சட்டத்தில் அதன் எண் 351. பலரும் எல்லாக் கேள்விக்கும் "பொய்", "தெரியாது" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அன்று இரவு வேலையில் இருந்தேன் என்றால், வேலையிடத்துப் பதிவேட்டைக் காட்டிச் சொல்ல அந்த நேரம்தான் இருக்கிறது. பதிவில் ஏறாத விளக்கத்தை மதுரைக் கிளையில் வக்கீல் எவ்வளவு அழகாகச் சொன்னாலும் எடை குறைவு. மௌனமாக இருக்க உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வக்கீலிடம் பேசி முடிவெடுத்த மௌனம் வேறு, பயத்தில் வந்த மௌனம் வேறு.

அடி வாங்கி அடி வாங்கி ஒருநாள் கணவனைத் திருப்பித் தாக்கிய பெண்களின் வழக்குகளைத் தனியாகப் பேச வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், வத்திராயிருப்பை ஒட்டிய அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது. பசியும் அவமானமும் தாங்காமல் ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தவள். கணவனின் கொடுமையால் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த ஒரு தாயின் வழக்கில், 1989-ல் சென்னை உயர் நீதிமன்றம் நல்லதங்காளின் பெயரையே எடுத்துப் பேசியது. திடீர்க் கோபம் மட்டுமல்ல, நாள்பட்டுச் சேர்ந்த தூண்டுதலும் குற்றத்தின் கனத்தைக் குறைக்கும் என்று சொல்லிக் கொலைக்கான தண்டனையை மாற்றியது. 2022-ல் உச்ச நீதிமன்றமும் வேறொரு வழக்கில், தொடர்ந்து வந்த தூண்டுதலைக் கணக்கில் எடுக்கலாம் என்றது. உயிருக்கோ மானத்துக்கோ ஆபத்து வந்த அந்தக் கணத்தில் தற்காத்துக்கொண்டதாக நிரூபித்தால் அது குற்றமே ஆகாது.

இந்த வாதம் எதன் மேல் நிற்கும்? அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகாருக்குக் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீது, அரசு மருத்துவமனையின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகல், அக்காவுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றின் மேல்தான். கையொடிந்து ஆஸ்பத்திரிக்குப் போய் "மாடிப்படியில வழுக்கிட்டேன்" என்று சொல்லும் பெண்ணிடம் நான் கெஞ்சிக் கேட்பேன்: டாக்டரிடம் உண்மையைச் சொல்லம்மா. அந்த ஒரு வரி உன் உயிரையும் காப்பாற்றலாம், பின்னால் உன் வழக்கையும் காப்பாற்றலாம். பெண்களுக்கான உதவி எண் 181 எந்த நேரமும் இயங்குகிறது.

கிராம நிர்வாக அலுவலரிடம் போய் ஒப்புக்கொண்டதாக வரும் வாக்குமூலமும் நம் பக்கத்து வழக்குகளில் அடிக்கடி தலைகாட்டும். அது செல்லும், ஆனால் பலவீனமான சாட்சியம். வேறு ஆதாரம் துணைக்கு வராமல் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது ஆபத்து என்பதை உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது.

மகளைப் பறிகொடுத்த வீட்டுக்கும் உரிமைகள் உண்டு, அதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலோ, குறைந்த குற்றத்துக்கு மட்டும் தண்டிக்கப்பட்டாலோ, இறந்தவரின் வாரிசு நேரடியாக அப்பீல் போகலாம். அரசு போகட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை, நீதிமன்றத்தின் தனி அனுமதியும் தேவையில்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25-வது பிரிவுப்படி, கொலை செய்தவர் கொல்லப்பட்டவரின் சொத்தை வாரிசாக அடைய முடியாது. அதனால் இறந்த தாயின் நகையும் வீடும் பிள்ளைகளுக்கே போக வேண்டும் என்று கேட்கலாம்.

ஒரு பெற்றோர் மண்ணுக்குள், இன்னொருவர் சிறைக்குள் என்று நிற்கும் அந்தப் பிள்ளைகளுக்கு அரசின் நிதியிலிருந்து இழப்பீடு தரவும் திட்டம் இருக்கிறது. விசாரணை நீதிமன்றம் பரிந்துரைக்கலாம், தொகையைச் சட்டப்பணிகள் ஆணைக்குழு முடிவு செய்யும். தீர்ப்பு நாளுக்கு முன்பே பாட்டியோ தாத்தாவோ அரசு வழக்கறிஞரிடம் போய், "ஐயா, பிள்ளைகளுக்கு இழப்பீடு கேட்டு நீதிபதியிடம் சொல்லுங்க" என்று கேட்கலாம். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் அன்றே கையில் வைத்திருக்க வேண்டும்.