முன்வாசலுக்கு எத்தனை யூனிட் ஜல்லி?

வீடு கட்டி முடிந்து கிரகப் பிரவேசமும் ஆன பிறகு, கையில் மிஞ்சிய கொஞ்சப் பணத்தில் குடும்பத் தலைவர் கடைசியாக எடுத்துக்கொள்ளும் வேலை, வீட்டின் முன்னால் உள்ள காலி இடத்தைச் சீர்படுத்துவது. மழை பெய்தால் அங்கே சேறு. வெயில் அடித்தால் புழுதி. “பேசாமல் சிமெண்டுத் தளம் போட்டுவிடலாம்” என்பார் வீட்டில் ஒருவர். “வேண்டாம்; ஜல்லி பரப்பி, ஓரத்தில் நாலு செடி வைத்தால் பார்வைக்கும் அழகு, மழைத் தண்ணீரும் மண்ணில் இறங்கும்” என்பார் இன்னொருவர்.

இரண்டாமவர் பேச்சில் நியாயம் உண்டு. தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003-ஆம் ஆண்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. 2015-ல் வெள்ளத்தில் மிதந்த சென்னை, 2019-ல் குடங்களை வரிசையாக வைத்துத் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றது. பெய்த மழையை மண்ணுக்குள் விடாத ஊர், இரண்டு கஷ்டத்தையும் மாறி மாறி அனுபவிக்கத்தான் வேண்டும்.

சரி, ஜல்லி என்று தீர்மானமாகிவிட்டது. எவ்வளவு வாங்குவது? மேஸ்திரி வாசலில் நின்று ஒரு தடவை சுற்றிப் பார்க்கிறார். “ரெண்டு லோடு அடிச்சுடுங்க சார், சரியா இருக்கும்” என்கிறார். வீட்டுக்காரரும் தலையை ஆட்டிவிடுகிறார். பணம் கரைவது அந்த இடத்தில்தான்.

“லோடு” என்பது ஓர் அளவே அல்ல. வண்டிக்கு வண்டி அது மாறும். கல் குறைந்து போனால் அரை யூனிட்டுக்காக இன்னொரு நடை லாரி வரவேண்டும். வாடகையோ முழு நடைக்கு. கூடிப் போனாலும் கஷ்டந்தான். மிஞ்சிய குவியல் தெருவில் கிடக்கும்; அதில் சறுக்கி விழுகிற சைக்கிள்காரரின் சாபமும், அடுத்த மழையில் அடைத்துக்கொள்ளும் சாக்கடையும் வீட்டுக்காரர் கணக்கில்தான் சேரும்.

பெயரிலேயே ஒரு பொறி

முதலில் என்ன கேட்கிறோம் என்பது தெளிவாக இருக்கவேண்டும். படித்தவர்கள் இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, தோட்டத்துக்குக் “கிராவல்” வேண்டும் என்று தொலைபேசியில் சொல்லிவிடுவார்கள். லாரிக்காரர் அதைச் சரியாகவே புரிந்துகொள்வார். வந்து இறங்குவது சிவப்பு மண்! நம் ஊரில் கிராவல் என்றால் பள்ளம் மேடாக்கப் பயன்படும் சரளை மண். மலைப்பாறையை உடைத்து, சல்லடையில் சலித்துத் தரம் பிரித்த கல்லுக்குத்தான் ஜல்லி என்று பெயர். ஒன்றரை அங்குலம், முக்கால் அங்குலம், அரை அங்குலம் என்று அது பல அளவில் கிடைக்கும். கடைகளில் இவற்றையே முறையே 40, 20, 12 மில்லிமீட்டர் என்கிறார்கள். உருண்டையாக, வழவழப்பாக இருப்பது கூழாங்கல், விலையும் அதிகம்.

வாசலுக்குப் பொதுவாக முக்கால் அங்குல ஜல்லி ஏற்றது. அதைவிடப் பெரியது காலை உறுத்தும். மிகச் சிறியது செருப்போடு வீட்டுக்குள் வந்துவிடும்.

மூன்றே அளவுகள்

நீளம், அகலம், கனம் இந்த மூன்றும் தெரிந்தால் கணக்கு முடிந்தது. உதாரணமாக, முன்வாசல் 30 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ளது என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 600 சதுர அடி. அதற்குள் ஒரு கிணறு இருக்கிறது. வெளிவட்டம் குறுக்காக 6 அடி. ஆரம் 3 அடியானால், மூன்றை மூன்றால் பெருக்கி, அதை 22/7-ஆல் பெருக்க, சுமார் 28 சதுர அடி. இரண்டு தென்னைகளின் பாத்திகள் தலைக்கு 16 சதுர அடி, ஆக 32. இந்த அறுபதையும் கழித்தால் ஜல்லி பரப்பவேண்டிய இடம் 540 சதுர அடி.

அடுத்தது கனம். நடக்கிற பாதைக்கு 2 அங்குலம் போதும். முழு வாசலுக்கு 3 அங்குலம் நல்லது. கார் ஏறி இறங்கும் இடமானால், அடியில் கெட்டித்த தளத்தின் மேல் 4 அங்குலம் வேண்டும்.

இங்கேதான் பலருக்குக் கணக்குப் பிசகுகிறது. நீளமும் அகலமும் அடியில் இருக்க, கனம் அங்குலத்தில் இருக்கிறது. 540-ஐ அப்படியே மூன்றால் பெருக்கினால் 1,620 வரும். அதைக் கன அடி என்று எண்ணி 16 யூனிட் கேட்டவர் வீட்டில் ஒரு குன்றே எழுந்து நிற்கும். 3 அங்குலம் என்பது கால் அடி. ஆகவே 540-ல் நாலில் ஒரு பங்கு, அதாவது 135 கன அடியே சரியான விடை.

1,200 என்ற எண்

நூறு கன அடி கொண்டது ஒரு யூனிட். மெட்ரிக் கணக்கில் அது 2.83 கன மீட்டர். இதிலிருந்து ஒரு சுலபமான வாய்பாடு கிடைக்கிறது: சதுர அடியை அங்குலக் கனத்தால் பெருக்கி, 1,200-ஆல் வகுத்தால் யூனிட் வந்துவிடும். மேற்சொன்ன வாசலுக்கு 540 x 3 = 1,620; வகுத்தால் 1.35 யூனிட்.

வேறு விதமாகச் சொன்னால், ஒரு யூனிட் ஜல்லி 2 அங்குலக் கனத்தில் 600 சதுர அடிக்கும், 3 அங்குலத்தில் 400 சதுர அடிக்கும், 4 அங்குலத்தில் 300 சதுர அடிக்கும் வரும். சென்ட் கணக்கில் நிலம் வாங்கியவர்களுக்கு இன்னும் எளிது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 3 அங்குலம் பரப்ப ஒரு யூனிட்டுக்குச் சற்றே அதிகம்.

பரப்பிய கல் மிதிபட்டு அமுங்கும். கொஞ்சம் மண்ணுக்குள்ளும் இறங்கும். அதற்காக நூற்றுக்குப் பத்து வீதம் சேர்த்துக்கொள்வது வழக்கம். 1.35 என்பது ஒன்றரை யூனிட் ஆகிறது. களிமண்ணும் கரிசலும் உள்ள ஊர்களில் மழைக் காலத்தில் மண் இளகி ஜல்லியை விழுங்கிவிடும். அங்கே முதலில் தரையைத் திமிசுக் கட்டையால் இடித்து, தண்ணீர் கசியவிடும் விரிப்புத் துணியை விரித்து, அதன் மேல் ஜல்லியைப் பரப்பவேண்டும். பிளாஸ்டிக் தாள் உதவாது. நீர் இறங்க வழியில்லாமல் செய்துவிடும். சுற்றிலும் செங்கல் பதித்து விளிம்பு கட்டாவிட்டால், வருஷம் தவறாமல் கல் தெருவுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

லாரியில் இருக்கும்போதே

கல்லைக் கொட்டிய பிறகு அளப்பதைவிட, லாரியில் இருக்கும்போதே அளப்பது புத்திசாலித்தனம். நடுவில் குவித்து ஓரத்தில் பள்ளமாக விட்டிருந்தால் மேலே நிரவச் சொல்லவேண்டும். பிறகு பெட்டியின் உள் நீளம், உள் அகலம், கல் நிற்கும் உயரம் மூன்றையும் டேப்பால் பிடிக்கவேண்டும். நீளம் 10 அடி, அகலம் 6 அடி, உயரம் இரண்டரை அடியானால் 150 கன அடி. ஒன்றரை யூனிட் சரியாக இருக்கிறது. அந்த உயரத்தில் 3 அங்குலம் குறைந்தாலே 15 கன அடி போய்விடும். குவாரிக் கல்லோடு வரும் நடைச்சீட்டைக் கேட்டுப் பார்ப்பதிலும் கூச்சம் வேண்டாம்.

வீட்டுக்காரர் வருவதற்குள் கொட்டிவிட்டார்களா? அப்போதும் வழி உண்டு. கொட்டிய ஜல்லி கூம்பாக நிற்கும். அடிவட்டத்தின் ஆரத்தை அதே ஆரத்தால் பெருக்கி, 22/7-ஆலும் உயரத்தாலும் பெருக்கி, மூன்றால் வகுக்கவேண்டும். குறுக்களவு 12 அடி, உயரம் 4 அடி உள்ள குவியல் ஏறக்குறைய 150 கன அடி.

எடைக் கணக்கில் வாங்குகிறவர்கள் ஒரு கன அடி ஜல்லிக்கு 42 முதல் 45 கிலோ வரை என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஒரு யூனிட் உத்தேசமாக நாலேகால் முதல் நாலரை டன். நனைந்த கல்லை எடை போட்டால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்க நேரும். கூழாங்கல்லை 50 கிலோ மூட்டையாக வாங்கினால், மூட்டைக்கு ஒரு கன அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

கல்லும் தண்ணீரும்

தூள் கலந்த ஜல்லியை ஒருநாளும் ஏற்கக் கூடாது. அளவில் ஏமாற்றம் என்பது மட்டுமல்ல காரணம். ஒரே அளவாகச் சலித்த ஜல்லியில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நூற்றுக்கு நாற்பது பங்கு வெறும் இடைவெளி. நம் உதாரண வாசலின் 135 கன அடி ஜல்லிக்குள் சுமார் 1,500 லிட்டர் தண்ணீர் நிற்கும். பதினைந்து லிட்டர் குடத்தால் நூறு குடம்! ஒரே மூச்சாக 30 மில்லிமீட்டர் மழை கொட்டினாலும் தெருவுக்கு ஓடாமல் அங்கேயே தங்கி, மெள்ள மெள்ள மண்ணில் இறங்கும். தூள் அந்த இடைவெளியை அடைத்துவிட்டால் ஜல்லி போட்டதன் பலனே போயிற்று.

இன்னொன்றையும் மறப்பதற்கில்லை. உலகம் முழுவதும் மணலும் ஜல்லியுமாக ஆண்டுக்கு 5,000 கோடி டன் செலவாகிறது என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2022-ல் கணக்குச் சொல்லியது. தண்ணீருக்கு அடுத்தபடியாக மனிதன் மிக அதிகமாக எடுத்துச் செலவழிக்கும் பொருள் அதுதான். ஏதோ ஒரு மலையை வெடிவைத்துத் தகர்த்த பிறகே நம் வாசலுக்கு ஒரு யூனிட் ஜல்லி வருகிறது. வேண்டாத அரை யூனிட்டைத் தெருவில் சிதறவிடுவது பணத்துக்கும் நஷ்டம், மலைக்கும் நஷ்டம்.

மேஸ்திரியின் கண் அனுபவப்பட்ட கண்தான். ஆனாலும் பணம் கொடுப்பவர் கையில் ஒரு டேப்பும், ஒரு துண்டுக் காகிதமும், 1,200 என்ற எண்ணும் இருக்கட்டும். பத்து நிமிஷ வேலை. லாரி ஒரே நடையில் வந்து, கொட்டிவிட்டுத் திரும்பிப் போகும்.