ஆண் அடி வாங்கினால் ஏன் சிரிப்பு? வீடியோ கேம்களுக்குள் இருக்கும் இந்தச் சங்கதிகள் தெரியுமா?

1992-ல் வந்த ‘மோர்ட்டல் காம்பாட்’ ஆட்டத்தில் ஜானி கேஜ் என்றொரு சினிமா நடிகன் வருவான். இரண்டு காலையும் பக்கவாட்டில் விரித்துத் தரையோடு தரையாக உட்காருவான். எதிராளிக்கு இடுப்புக்குக் கீழே, எங்கே படக்கூடாதோ அங்கே, ஒரே குத்து! அடிபட்டவன் குனிந்து துடிப்பான். சுற்றி நிற்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கக்கூடிய வீரர்கள் மொத்தம் ஏழு பேர். அவர்களில் ஒரே பெண்ணான சோனியாவிடம் மட்டும் இந்தக் குத்து பலிக்காது, தெரியுமா?

தானாக நடந்ததல்ல இது! யார்மேல் பலிக்கும், யார்மேல் பலிக்காது என்று ஒருவர் உட்கார்ந்து நிரல் எழுதியிருக்கிறார். உடலமைப்பைக் காரணம் சொல்லலாம், சொல்லட்டும். ஆனால் அந்த வலியைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதும் அதே மேசையில் எடுத்த முடிவுதானே? இந்தக் குத்தின் பூர்வீகம் ‘பிளட்ஸ்போர்ட்’ என்ற 1988-ஆம் ஆண்டுப் படம். அதில் ஜான் கிளாட் வான் டாம் அப்படியே காலை விரித்துக் குத்துவார். 1995-ல் ‘மோர்ட்டல் காம்பாட்’ திரைப்படமானபோது நான்கு கை அரக்கன் கோரோவுக்கும் அதே இடத்தில் அதே அடி! 2011-ஆம் ஆண்டு ஆட்டத்தில் அந்த அடி ஆண், பெண் எல்லோர்மேலும் விழுந்தது. 2023-ஆம் ஆண்டு ஆட்டத்தில் ஜானி கேஜுக்கு வான் டாமின் முகத்தையே மாட்டிக்கொள்ளலாம். முப்பது வருடமாக ஒரே சிரிப்பு!

இன்னொன்று கேளுங்கள். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆல்ஃபா’ 1995-ல் வந்தபோது கேப்காம் நிறுவனம் டான் ஹிபிகி என்பவனை அதற்குள் ஒளித்து வைத்தது. போட்டி நிறுவனமான எஸ்என்கேயின் ‘ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங்’ நாயகர்களைக் கிண்டல் செய்யவே பிறந்தவன் அவன். வேண்டுமென்றே பலவீனமாக்கப்பட்டவன். அவன் கையிலிருந்து கிளம்பும் சக்திப் பந்து நாலு அடி போவதற்குள் கரைந்துவிடும். சைபர் கஃபேயில் கூடி விளையாடிய பசங்கள், நண்பனை அவமானப்படுத்த வேண்டுமென்றால் டானைத் தேர்ந்தெடுத்து அவனை வீழ்த்திக் காட்டுவார்கள்.

அந்தக் கோமாளியின் கதை என்ன தெரியுமா? அவன் அப்பா கோ ஹிபிகியை அடித்தே கொன்றவன் அதே ஆட்டத்து வீரன் சகாட். அந்தச் சண்டையில்தான் சகாட்டின் ஒரு கண் போனது. தந்தையை இழந்த மகன் பழிவாங்கக் கிளம்புகிறான். இதே கதையை ஆட்டத்தின் நாயகர்களான ரியூவுக்கோ கென்னுக்கோ கொடுத்திருந்தால் காவியம் என்று கொண்டாடியிருப்பார்கள். டானுக்குக் கொடுத்ததால் நகைச்சுவை! 2021 பிப்ரவரியில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5’-க்குள்ளும் அவன் கோமாளியாகவே வந்து சேர்ந்தான்.

அந்த ஐந்தாம் பாகத்துக்குக் கருத்தோவியம் வரைந்தவர்களில் ஒருவர் நம் மலேசியர், டாயிம் ஜியாவுடின்! அவரும், ‘ஃபைனல் ஃபேன்டசி 15’-இல் தலைமை வடிவமைப்பாளராக இருந்த வான் ஹஸ்மரும் ஜப்பானிலிருந்து திரும்பி வந்து, கோலாலம்பூரில் மெட்ரோனோமிக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2020 ஆகஸ்டில் அவர்கள் வெளியிட்ட ‘நோ ஸ்ட்ரெயிட் ரோட்ஸ்’ உலகமெங்கும் போனது. உலகம் எதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் மேசைகளில் கிள்ளான் பள்ளத்தாக்குக்காரர்களுக்கும் இன்று நாற்காலி உண்டு. பெட்டாலிங் ஜெயாவில், செக்‌ஷன் 14 டிஜிட்டல் மாலில் அப்பாவோடு கேம் வாங்கப் போகும் பிள்ளைகளில் யார் நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரப்போகிறார்களோ!

தமிழர்களுக்கு இந்தச் சிரிப்பு புதிதல்லவே. 1989-ல் ‘கரகாட்டக்காரன்’ வந்த நாளிலிருந்து செந்தில் வாங்கிய அடிகளை நாம் எண்ணியதில்லை. 2001-ல் ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் கான்டிராக்டர் நேசமணியாக வந்த வடிவேலுவின் தலையில் சுத்தியல் விழுந்தது. பதினெட்டு வருடம் கழித்து, 2019 மே மாதக் கடைசியில், யாரோ ஒருவர் சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்கப்போய், நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்று உலகத் தமிழர்கள் ஒரே குரலில் எழுதித் தள்ளினார்கள். விளையாட்டுக்குத்தான் செய்தார்கள். ஆனாலும் எனக்கு அந்த இரண்டு நாளும் மிகப் பிடித்திருந்தது. அடிபட்ட ஆள் எப்படி இருக்கிறார் என்ற கேள்வி, பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக ஊர் முழுக்கக் கேட்டது!

மீண்டும் கேம்களுக்கு வந்தால், லுயிஜியும் இந்த வரிசையில் வருவார். 2004-ஆம் ஆண்டு ‘மாரியோ பவர் டென்னிஸ்’ ஆட்டத்தில் கோப்பையை ஜெயித்த லுயிஜிக்குப் பக்கத்தில் நின்று அண்ணன் மாரியோ கை தட்டுவார். தட்டிக்கொண்டே தம்பியின் காலை மிதித்துத் திருகுவார். 2008-ல் வந்த ‘பெர்சோனா 4’-இல் பையன்கள் வெந்நீர்க் குளத்தில் இறங்கியதும் அங்கே இருந்த பெண்கள் வாளியையும் சட்டியையும் வீசி அவர்களை விரட்டுவார்கள். அது ஆண்களுக்கான நேரம், தவறு பெண்கள் பக்கம்தான் என்று பிறகு தெரியவரும். அடி அடிதான், மன்னிப்புக் கிடையாது.

இப்போது சொல்லப்போவதுதான் என் மனதை மிகவும் குடைந்தது. 2016-ல் ஜப்பானில் வெளியான ‘பெர்சோனா 5’ எதைப் பற்றிய கதை? பிள்ளைகளைச் சீரழிக்கும் பெரியவர்களைப் பற்றியது! முதல் வில்லன் கமோஷிடா ஒரு பள்ளி ஆசிரியர். மாணவிகளிடம் அத்துமீறுகிறவர், மாணவர்களை அடித்து நொறுக்குகிறவர். ரியூஜி என்ற மாணவனின் காலை உடைத்து அவன் ஓட்டப்பந்தயக் கனவையே முடித்தவர். ஆட்டம் இதையெல்லாம் துளியும் சிரிக்காமல், கோபத்தோடு சொல்கிறது. பார்க்கும் நமக்கும் ரத்தம் கொதிக்கிறது.

அதே ஆட்டத்தில், அதே ரியூஜியை ஷின்ஜுகு தெருவில் இரண்டு ஆண்கள் இழுத்துக்கொண்டு போகிறார்கள். அவன் அலறுகிறான். இது நகைச்சுவைக் காட்சி! கடற்கரையில் அதே ஆட்கள் மறுபடியும் வருகிறார்கள், அங்கேயும் நகைச்சுவை. கதையின் பிற்பகுதியில் நண்பர்களைக் காப்பாற்ற உயிரைப் பணயம் வைத்து, செத்தான் என்று எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது ரியூஜி திரும்பி வருகிறான். கவலைப்பட வைத்ததற்காகக் கூட இருக்கும் பெண்கள் அவனை அடித்துக் கீழே தள்ளுகிறார்கள். அவன் பள்ளிக்கூடப் பையன் என்பதை மறந்துவிடாதீர்கள்! ஒரு மாணவிக்கு நடந்தால் குற்றமாகத் தெரிவது ஒரு மாணவனுக்கு நடந்தால் வேடிக்கையாவது எப்படி? ஒரே எழுத்தாளர் குழு, ஒரே கதை! அந்த இரண்டு ஆண்களைக் காட்டிய விதம் ஓரினச் சேர்க்கையாளர்களையும் சேர்த்தே இழிவுபடுத்தியது.

ஆனால் 2020-ல் நடந்தது தெரியுமா? மார்ச் 18-ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்த நாட்களில், மார்ச் 31-ஆம் தேதி, ‘பெர்சோனா 5 ராயல்’ ஆங்கிலத்தில் வந்தது. அந்த இருவரின் வசனங்கள் மாற்றப்பட்டிருந்தன! சரியாகப் பத்து நாள் கழித்து, ஏப்ரல் 10-ஆம் தேதி, ‘ஃபைனல் ஃபேன்டசி 7 ரீமேக்’ வந்தது. அதிலும் ஒரு மாற்றம்!

1997-ஆம் ஆண்டு மூல ஆட்டத்தில் கிளவுட் என்ற நாயகன் தேனீ விடுதிக்குள் போவான். ஒரு குறிப்பிட்ட அறையைத் தேர்ந்தெடுத்தால், கட்டுமஸ்தான ஆண்கள் கூட்டம் ஒன்று அவனைச் சூழ்ந்துகொண்டு, அவன் நெளிவதைப் பொருட்படுத்தாமல் குளியல் தொட்டிக்குள் இறக்கும். சம்மதம் என்ற பேச்சே இல்லை. 2020-ல் அந்த அறை இல்லை! அதற்குப் பதிலாக மேடை, இசை, ஆண்ட்ரியா என்ற கலைஞர், அவரோடு கிளவுட் ஆடும் அட்டகாசமான நடனம். ஆடி முடித்தபின் ஆண்ட்ரியாவே அவனுக்குப் பெண் வேடம் போட்டு விடுகிறார். அழகாக இருப்பதற்கு ஆணென்றும் பெண்ணென்றும் வெட்கப்பட வேண்டாம் என்ற பொருளில் அவனிடம் பேசுகிறார். சிரிப்பும் குறையவில்லை, நாயகனும் குறுகிப்போகவில்லை! என்னைக் கேட்டால், வீடியோ கேம் வரலாற்றில் இதைவிட நல்ல திருத்தம் கிடையாது. அதே கதையில் டான் கார்னியோ என்ற வில்லனிடம் உண்மையைக் கறக்க மூன்று பேர் மாற்றி மாற்றி அவனது உறுப்பைச் சிதைப்பதாக மிரட்டும் பகுதியை மட்டும் நகைச்சுவையாகவே விட்டுவைத்தார்கள். வில்லன் என்றால் பரவாயில்லை போலும் என்று நினைத்துத்தான் விட்டிருப்பார்கள். எனக்கு அதுவும் உறுத்துகிறது.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது தெரியுமா? மலேசியாவின் 2017-ஆம் ஆண்டு சிறார் பாலியல் குற்றச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லோரையும், ஆண் பிள்ளை பெண் பிள்ளை என்று பிரிக்காமல், காக்கிறது. இந்தியாவின் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டமும் அப்படித்தான். 2022-ஆம் ஆண்டு மலேசியப் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டத்தின்கீழ் ஓர் ஆணும் புகார் கொடுக்கலாம். ஆனால் மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 375-ஆவது பிரிவு பாலியல் வன்கொடுமையை இன்னும் ஆண் பெண்ணுக்குச் செய்வதாக மட்டுமே வரையறுக்கிறது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். 1970-ல் தொடங்கிய பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பின் அலுவலகம் பெட்டாலிங் ஜெயாவில், ஜாலான் டெம்ப்ளரில் இருப்பது தெரியுமா? மனம் நொந்தவர்கள் பேச, தொண்டர்கள் காது கொடுக்கும் இடம். மலேசியாவில் தற்கொலையால் இறப்பவர்களில் பெண்களைவிட ஆண்களே அதிகம். தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற 309-ஆவது பிரிவை நாடு நீக்கியதே 2023-ல்தான். வலிக்கிறது என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று பயந்து ஓர் அண்ணனோ தம்பியோ வாயை மூடிக்கொள்கிறான் என்றால், அந்தச் சிரிப்பை அவன் எங்கே பழகினான் என்று நாம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கடைசியாக ஜானி சசாகி! 1998-ல் வந்த ‘மெட்டல் கியர் சாலிட்’ ஆட்டத்தில் இவன் ஒரு சாதாரணக் காவலாளி. மெரில் என்ற வீராங்கனை இவனை அடித்துப்போட்டு, சீருடையை உருவிக்கொண்டு போய்விடுவாள். வெற்றுடம்போடு தரையில் கிடப்பான். போதாதென்று வயிற்றுப்போக்கு வேறு. 2001-ல் இரண்டாம் பாகத்திலும் அவன் வயிற்றுக் கோளாறுதான் சிரிப்பு. 2004-ல் மூன்றாம் பாகத்தில் அவன் தாத்தாவையும் இழுத்து வந்து சிறைக் காவலாளியாக உட்கார வைத்தார்கள்.

2008-ல் நான்காம் பாகத்தை எடுத்த ஹிதியோ கோஜிமா என்ன செய்தார் தெரியுமா? அந்த வயிற்றுக் கோளாறுக்குக் காரணம் சொன்னார்! படைவீரர்கள் எல்லோருடைய உடம்பிலும் நானோ இயந்திரங்களை ஏற்றியிருக்கிறார்கள், அவைதான் அவர்கள் உடலைச் சீராக வைத்திருக்கின்றன. ஊசிக்குப் பயந்த ஜானி யாருக்கும் தெரியாமல் அதிலிருந்து தப்பித்திருக்கிறான். எதிரி அந்த இயந்திரங்களைக் குலைக்கும்போது படை முழுவதும் சுருண்டு விழுகிறது, ஜானி மட்டும் நிற்கிறான்! எதைக் காட்டிப் பத்து வருடம் சிரித்தார்களோ, அதுவே அவனைக் காப்பாற்றுகிறது. ஆட்டத்தின் முடிவில் அவனுக்குக் கல்யாணம். மணப்பெண் யார் தெரியுமா? அன்றைக்குச் சீருடையை உருவிக்கொண்டு போன அதே மெரில்!