தெளிந்த நீரில் மறைந்த பகை

நாய் கடித்தவர்க்குத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலத்தை நம்மில் மூத்தோர் மறந்திரார். இன்று கொச்சிக் காக்கநாட்டில் வாழும் நம்மவர்க்கும் தோளிலேயே தடுப்பூசி இடுகின்றனர். குன்னூர்ப் பாஸ்டர் நிலையம் உருவாக்கியது போன்ற இம்மருந்துகள், 'வீரோ' எனப்படும் குரங்குச் சிறுநீரக உயிரணுக்களில் வளர்க்கப்படுவன.

அவ்வுயிரணுக்களுக்கு ஒரு மறைபகை உண்டு. அதுவே மைக்கோப்பிளாஸ்மா என்னும் கிருமி. உயிரணு வளர்ப்பில் இது கண்டறியப்பட்டது 1956-இல். பிற கிருமிகள் புகுந்தால் வளர்ப்பு நீர் கலங்கும். இது புகுந்தாலோ தெளிவாகவே இருக்கும். உயிரணுச் சுவர் இல்லாமையால் பெனிசிலினுக்கும் இது அஞ்சாது. நுண்ணிய வடிகட்டியிலும் நழுவிவிடும். உயிரணுக்களின் உணவை உண்டு, அவற்றின் இயல்பையே திரித்துவிடும்.

ஆகவே, கண்ணை நம்பாமல் சோதித்தே அறிதல் வேண்டும். கிருமியை ஊட்டநீரில் வளர்த்துப் பார்ப்பது ஒரு முறை; அதற்கு 28 நாட்கள் ஆகும். ஹோய்க்ஸ்ட் சாயமிட்டுப் புற ஊதா ஒளியில் நோக்குவது மற்றொன்று. தூய உயிரணுவில் உட்கரு மட்டும் ஒளிரும். கெட்டதில் அதனைச் சுற்றிலும் புள்ளிகள் மின்னும். பி.சி.ஆர். முறையோ கிருமியின் மரபுப்பொருளைச் சில மணி நேரத்திலேயே காட்டிவிடும்.

குற்றம் கண்ட வளர்ப்பை அழித்துவிடுவதே பொதுநெறி. நம் தோளில் ஏறும் துளிமருந்தின் தூய்மைக்கு இச்சோதனையும் ஒரு காவல்.