தலையில்லாத பேஸ் கிட்டார்: அமைப்பும் சீரமைப்பும்

மேற்கத்திய இசைக்குழுக்களில் கீழ்ச்சுரங்களைத் தாங்கி நிற்கும் மின் பேஸ் கிட்டார், 1951இல் லியோ ஃபெண்டர் ‘பிரிசிஷன் பேஸ்’ என்ற பெயரில் கலிஃபோர்னியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவியின் வடிவத்தையே பெரும்பாலும் இன்றளவும் பின்பற்றி வருகிறது. தடித்த நான்கு தந்திகளும், 34 அங்குலம், அதாவது ஏறத்தாழ 86 சென்டிமீட்டர் ஒலிக்கும் நீளமும், அந்த நீளத்தைத் தாங்கும் கழுத்தும், கழுத்தின் நுனியில் தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்க்கும் கனத்த உலோகச் சாவிகள் பொருத்திய தலையும் அதன் அடையாளங்கள். இவற்றுள் தலை, இசைப்பவரின் தோளிலிருந்து மிகத் தொலைவில் அமைந்திருப்பதால், அதன் எடை சிறிதாக இருந்தாலும் நெம்புகோல் விதிப்படி பெருகிக் கழுத்தைக் கீழ்நோக்கி இழுக்கிறது. ‘நெக் டைவ்’ என்று கலைஞர்கள் குறைப்பட்டுக்கொள்ளும் இந்தச் சரிவினால், சுரம் பிடிக்க வேண்டிய இடக்கை கழுத்தைத் தாங்கிப் பிடிக்கும் வேலையையும் சேர்த்துச் செய்ய நேரிடுகிறது.

இக்குறையைத் தீர்த்தவர் இசைக்கருவி செய்யும் மரபில் வந்தவர் அல்லர். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜாக் ஸ்டைன்பெர்கரின் மகனான நெட் ஸ்டைன்பெர்கர், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் நாற்காலி, மேசை முதலியவற்றை வடிவமைத்துக்கொண்டிருந்தவர்; அங்கே ஒரே பட்டறையைப் பகிர்ந்துகொண்ட ஸ்டூவர்ட் ஸ்பெக்டருக்காக 1977இல் உடலோடு ஒட்டி வளைந்த ஒரு பேஸை வடிவமைத்தபோதுதான் இக்கருவியின் எடைச் சிக்கலை அவர் நேரில் எதிர்கொண்டார். சுருதிச் சாவிகளை உடற்பகுதியின் கடைசிக்குக் கொண்டுபோய்விட்டால் நுனியில் தலை என்ற உறுப்புக்கே வேலையில்லை என்ற முடிவுக்கு வந்த அவர், 1980ஐ ஒட்டி ‘எல்2’ என்னும் கருவியை வெளியிட்டார். கார்பன் இழையும் எபாக்ஸி பிசினும் கலந்த பொருளால் ஆனதும், சிறிய கறுப்புப் பெட்டிக்குக் கழுத்து முளைத்தது போன்ற தோற்றமுடையதுமான அந்தக் கருவியை, ‘டைம்’ இதழ் 1981ஆம் ஆண்டின் சிறந்த வடிவமைப்புகளுள் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தது. ‘ரஷ்’ குழுவின் கெடி லீ முதலிய புகழ்பெற்ற கலைஞர்கள் அதை மேடையேற்றினர். 1980களின் பிற்பகுதியில் ஸ்டைன்பெர்கரின் நிறுவனம் கிப்சன் நிறுவனத்தின் வசமானது.

தலையின்மையும் கார்பன் கழுத்தும் ஒரே கருவியில் சேர்ந்து அறிமுகமானதால், ஒன்றின் பயனை மற்றொன்றின் மேல் ஏற்றிச் சொல்லும் வழக்கம் இன்றும் நீடிக்கிறது. மரக்கழுத்துள்ள பேஸ்களில், பெரும்பாலும் மிக மெல்லிய தந்தியின் ஐந்தாம் மெட்டுக்கும் ஏழாம் மெட்டுக்கும் இடைப்பட்ட ஏதோ ஓரிடத்தில், சுரம் எழுந்த வேகத்திலேயே அடங்கிவிடும். கழுத்துக்கு இயல்பாக உள்ள அதிர்வெண்ணும் அந்தச் சுரத்தின் அதிர்வெண்ணும் நெருங்கும்போது தந்தியின் ஆற்றலைக் கழுத்து உறிஞ்சிக்கொள்வதே இதற்குக் காரணம். இந்தச் ‘செத்த இடத்தை’ப் பெருமளவு போக்குவது கார்பனின் விறைப்புதான். பிற்காலத்தில் ஹோனர் நிறுவனம் உரிமம் பெற்று வெளியிட்ட ‘பி2’ போன்ற மரத்தாலான மலிவுக் கருவிகளை வாங்குவோர், சமநிலையையும் சுருக்கமான நீளத்தையும் எதிர்பார்க்கலாம். எல்2வின் ஒலியை எதிர்பார்ப்பது பொருந்தாது. தலை இல்லாததால் தந்தியின் இழுவிசை குறைந்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் அடிப்படையில்லை. இழுவிசையைத் தீர்மானிப்பவை ஒலிக்கும் நீளமும் தந்தியின் தடிமனும் சுருதியுமே என்பதால், அங்கேயும் நான்கு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 80 கிலோ எடைக்கு நிகரான விசையோடு கழுத்தை வளைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

இக்கருவியின் உயிர்நிலை அதன் குதிரையில், அதாவது தந்திகள் உடலின் மேல் ஊன்றும் பாலத்தில் இருக்கிறது. வீணையில் பிரடையால் ஓரளவு கூட்டிய சுருதியை, தந்திகளின் மறுமுனையிலுள்ள லங்கர்களால் நுட்பமாகச் சரிசெய்வதைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். தலையில்லாத பேஸில் அந்த மறுமுனையே முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்கிறது. குதிரையின் பின்புறமுள்ள குமிழைத் திருகும்போது, நுண்ணிய மரைகொண்ட ஒரு திருகாணி, தந்தியின் முனையைக் கவ்வியிருக்கும் தாடை போன்ற உலோகத் துண்டை நேர்கோட்டில் பின்னோக்கி இழுக்கிறது. தந்தி எந்தத் தண்டையும் சுற்றிக்கொள்ளாததால், சுற்றுகள் நெகிழ்ந்து சுருதி இறங்கும் தொல்லை இங்கில்லை. ஆனால் அந்தத் தாடை நகரக்கூடிய தூரம் மிகக் குறைவு. புதுத்தந்தி மாட்டும்போது தாடை முன்கோடியில், கழுத்தை நோக்கிய நிலையில் இருக்க வேண்டும். பாதி வழியில் வைத்து மாட்டினால், தந்தி உரிய சுருதியை எட்டுமுன்பே குமிழ் முட்டிக்கொண்டு நின்றுவிடும். குமிழ் கடினமாகத் திரும்பினால் அதைப் பலங்கொண்டு திருகாமல், தந்தியைத் தளர்த்தி மரையைத் துடைத்து ஒரு துளி மசகு இடுவதே முறை.

ஸ்டைன்பெர்கரின் மூல அமைப்புக்கு இரு முனைகளிலும் உலோகக் குண்டு பொருத்திய தந்திகள் தேவை. ஒரு குண்டை நுனியிலுள்ள பள்ளத்திலும் மற்றொன்றைத் தாடையிலும் அமர்த்திக் குமிழைத் திருகினால் ஒரு நிமிடத்துக்குள் தந்தி மாறிவிடும். எனினும் குண்டுக்கும் குண்டுக்கும் இடையிலான நீளம் துல்லியமாக இருக்க வேண்டியிருப்பதால், இவ்வகைத் தந்திகளைச் சில நிறுவனங்களே செய்கின்றன. பல பிற்காலக் கருவிகளில், ஒரு முனையில் மட்டும் குண்டுள்ள சாதாரணத் தந்தியைக் கழுத்து நுனியில் சிறு திருகால் இறுக்கிப் பிடிக்கும் பிடிப்பான் உண்டு. அத்தகைய பிடிப்பானில் தந்தியைக் குறட்டால் இழுத்துத் தொய்வை நீக்கித் திருகை இறுக்கிய பின், மிஞ்சிய பகுதியைச் செங்கோணமாக மடக்கி, மடிப்புக்கு அப்பால்தான் நறுக்க வேண்டும். மடக்காமல் நறுக்கினால் மேலே சுற்றியுள்ள கம்பி உட்கம்பியிலிருந்து நழுவி, தந்தி மந்தமாக ஒலிக்கத் தொடங்கும்.

சீரமைப்பில் வரிசை முக்கியம். கழுத்தின் வளைவு, தந்தியின் உயரம், மெட்டுச் சுருதி என்ற ஒழுங்கை மாற்றினால் செய்த வேலையையே மீண்டும் செய்ய நேரிடும். முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் தந்தியை அழுத்தினால், ஏழாம், எட்டாம் மெட்டுகளின் மேல் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் கழுத்துக்குள் ஓடும் ‘டிரஸ் ராட்’ எனப்படும் எஃகுக் கம்பியைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்பாமல் சரிசெய்ய வேண்டும். கார்பன் கழுத்துகள் சிலவற்றில் இந்தக் கம்பியே கிடையாது என்பதையும் மறத்தலாகாது. அடுத்து, பன்னிரண்டாம் மெட்டின் மேல் மெல்லிய தந்திக்கு 2 மில்லிமீட்டர், தடித்த தந்திக்கு 2.5 மில்லிமீட்டர் என்ற அளவில் உயரம் அமைத்தால் பெரும்பாலோருக்குப் போதும்.

பழகியவர்களும் தடுமாறுவது மெட்டுச் சுருதியில்தான். பன்னிரண்டாம் மெட்டுக்கு நேராகத் தந்தியை அழுத்தாமல் விரலால் தொட்டு மீட்டினால் எழும் ‘ஹார்மோனிக்’ ஒலியும், அதே மெட்டில் அழுத்தி மீட்டிய சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய சுரம் கூடுதலாக ஒலித்தால், தந்தி ஊன்றும் ‘சேடில்’ துண்டைப் பின்னே தள்ள வேண்டும். குறைந்தால் முன்னே கொண்டுவர வேண்டும். சாதாரண பேஸில் இதற்கெனக் குதிரையின் பின்னால் ஒரு திருகு இருக்கும். ஸ்டைன்பெர்கர் வகைக் குதிரையில் அந்த இடத்தைச் சுருதிக் குமிழ்கள் எடுத்துக்கொண்டதால், பக்கவாட்டுத் திருகைத் தளர்த்தி, தந்தியையும் தளர்த்தி, சேடிலை விரலால் நகர்த்திப் பூட்டி, மறுபடி சுருதி கூட்டித்தான் பலனைப் பார்க்க முடியும். ஒவ்வொரு முறையும் ஒரு மில்லிமீட்டருக்குள் நகர்த்தி, பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை இது. ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால், அதே வகைத் தந்தியையே மாட்டிவரும் வரை பெரும்பாலும் மீண்டும் தொட வேண்டியிராது.

பழைய கருவியை வாங்க எண்ணுவோர், நான்கு குமிழ்களையும் தந்தி விறைப்பாக இருக்கும் நிலையிலேயே திருகிப் பார்க்க வேண்டும். சேடில்களின் சிறு திருகுகளில் ஆலன் கீ நழுவாமல் பொருந்துகிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். அங்குல அளவுத் திருகில் மில்லிமீட்டர் சாவியைத் திணித்து உட்பள்ளத்தைச் சிதைத்துவிட்ட கருவிகள் சந்தைக்கு வருவதுண்டு. கடலோர ஊர்களில் அந்தத் திருகுகள் துருவேறி இறுகியும் போகும். உடலில் கீறலோ வண்ணச் சிதைவோ உள்ள தலையில்லாத பேஸைத் தயங்காமல் வாங்கலாம். குதிரை பழுதுபட்ட ஒன்றை, மாற்றுக் குதிரை கையில் கிடைக்கும் என்ற உறுதி இல்லாமல், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது.